இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? பயணத் தொழில்நுட்பம் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வி

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். முதல் விமானம் தாமதமானதில் அடுத்த விமானம் போய்விட்டது. முன்பின் தெரியாத விமான நிலையம். ஒரு தோளில் தூங்கிவிட்ட குழந்தை, இன்னொரு தோளில் பை, கைபேசியில் 4 சதவீதம் சார்ஜ். மாற்று விமானத்தின் விவரமெல்லாம் செயலியிலேயே வந்துவிடும் என்று கவுண்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். செயலியைத் திறந்தேன். புதிய பதிப்பை நிறுவச் சொன்னது. நிறுவினேன். மறுபடியும் உள்நுழையச் சொன்னது. கடவுச்சொல்லைப் போட்டேன். ஓடிபி கேட்டது. ஓடிபி வர வேண்டிய சிம், வெளிநாட்டு சிம்முக்கு இடம் விட்டுக் கழற்றப்பட்டு, பையின் அடியில் ஒரு சின்னக் கவருக்குள் இருந்தது.

இதில் ஒவ்வொரு படியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறை இருந்திருக்கலாம். ஓடிபி இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் என் டிக்கெட்டை மாற்றிவிடலாம். ஆனால் முழு சார்ஜ், நல்ல வைஃபை, இரண்டு கையும் காலி என்ற நிலையில் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் இவ்வளவும் செய்யப்பட்டிருக்கிறது. பயணி அப்படி உட்கார்ந்திருப்பது டிக்கெட் வாங்கும் அந்த ஒரு வேளை மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்டிருக்கிறார், வரிசையில் நிற்கிறார், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்.

பயணத் துறைக்குள் கணினி நுழைந்ததே டிக்கெட் விற்பதற்காகத்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘சேபர்’ அமைப்பு, அட்டைகளில் கையால் குறித்துவைத்த இருக்கைக் கணக்கைக் கணினிக்கு மாற்றியது. அன்றிலிருந்து உழைப்பும் பணமும் அதிகம் போவது விற்கும் பக்கத்துக்குத்தான். பயணியின் அனுபவமோ டிக்கெட் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஒரு பயணச் செயலி நல்லதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். திட்டம் குலைந்துபோன அந்தப் பதினைந்து நிமிடத்தில், ‘இப்போ நான் என்ன செய்யணும்?’ என்று கேட்டால் அது பதில் சொல்கிறதா?

காத்திருக்கும்போது நடப்பது

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கற்பித்த டேவிட் மைஸ்டர், காத்திருப்பின் உளவியல் பற்றி 1985ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். அவர் சொன்னதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருந்தால் இன்னும் நீளும். காரணம் சொல்லாவிட்டால் அதைவிட நீளும். நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படுவது ஹூஸ்டன் விமான நிலையக் கதை. பைகள் வரத் தாமதமாகிறது என்று பயணிகள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். பை இறக்க ஆட்களைக் கூட்டி, சராசரிக் காத்திருப்பை 8 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புகார் குறையவில்லை. உற்றுப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: பயணி ஒரு நிமிடத்தில் பை வரும் இடத்துக்கு நடந்துவிடுகிறார், மீதி 7 நிமிடம் சும்மா நிற்கிறார். உடனே விமானங்களைத் தொலைவில் நிறுத்தி, பைகளைக் கடைக்கோடியில் சுற்றும் பட்டைக்கு அனுப்பினார்கள். நடக்க வேண்டிய தூரம் ஆறு மடங்கானது. புகார் கிட்டத்தட்ட நின்றேபோனது.

கேட்பவர்கள் இதைப் புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு இந்தத் தீர்வில் உடன்பாடு இல்லை. முட்டி வலிக்கிற ஒரு பெரியவருக்கு அந்த ஆறு மடங்கு நடை என்ன செய்யும்? பயணியிடம் எதையும் சொல்லாமல், அவருடைய கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

இதே சிக்கலுக்கு சியாட்டில் நகரில் வேறு விதமாக வழி கண்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிரையன் ஃபெரிஸ் 2008ல் ‘ஒன்பஸ்அவே’ என்ற சேவையைத் தொடங்கினார். நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்தால், அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைபேசியில் சொல்லும். 2011ல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்கள் தாங்கள் சராசரியாக 7.5 நிமிடம் காத்திருந்ததாகச் சொன்னார்கள். பயன்படுத்தாதவர்கள் சொன்னது 9.9 நிமிடம். நிஜக் காத்திருப்பும் ஏறக்குறைய 2 நிமிடம் குறைந்திருந்தது, ஏனென்றால் பேருந்து தள்ளி வருகிறது என்று தெரிந்தவர் வீட்டிலிருந்தே தள்ளிக் கிளம்புகிறார். இன்னொன்றையும் கவனித்தார்கள். தகவல் இல்லாதவர்களுக்குக் காத்த நேரம் உள்ளதைவிட நீளமாகத் தோன்றியது, தகவல் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பேருந்துகூட வேகமாக ஓடவில்லை. உள்ளதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சொல்வது சரியாக இருக்க வேண்டும். நிறுத்தத்துப் பலகையில் ‘5 நிமிடம்’ என்று காட்டி, அப்புறம் 3, 2, 1 என்று இறங்கி, கடைசியில் பேருந்தே வராமல் அந்த வரி மட்டும் மறைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதைப் பேய்ப் பேருந்து என்பார்கள். இது எப்படி நேர்கிறது? வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி சில விநாடிகளுக்கு ஒரு முறை இருப்பிடத்தை அனுப்புகிறது. சர்வர் அதைச் சாலை வரைபடத்தின் மேல் பொருத்தி, முந்தைய ஓட்டங்களில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டு, வந்துசேரும் நேரத்தைக் கணிக்கிறது. கருவி பழுதானாலோ, அந்த நடையையே ரத்து செய்துவிட்டு யாரும் கணினியில் குறிக்காவிட்டாலோ, பல அமைப்புகள் சத்தமில்லாமல் அச்சிட்ட கால அட்டவணைக்குத் தாவிவிடுகின்றன. நேரலை நேரமும் அட்டவணை நேரமும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் திரையில் தெரிகின்றன. பயணி இரண்டையும் ஒன்றாகவே நம்புகிறார்.

இதைச் சரிசெய்யப் பெரிய கணினி எதுவும் வேண்டாம். ‘அட்டவணைப்படி 5 நிமிடம், வண்டியிலிருந்து தகவல் இல்லை’ என்று ஒரு வரி போதும். அதைப் படித்தவர் நிற்பதா, வேறு வழி தேடுவதா என்று தானே முடிவு செய்வார்.

விமானத் தாமதத்திலும் இதே கதைதான். முதலில் 30 நிமிடத் தாமதம் என்பார்கள். அது முடியும் நேரத்தில் இன்னொரு 30 நிமிடம் என்பார்கள். இப்படியே மூன்று மணி நேரம் போகும். ஆனால் நாம் ஏற வேண்டிய விமானம் முந்தைய ஊரிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை என்பது நிறுவனத்தின் கணினியில் முதலிலிருந்தே இருக்கும். ‘உங்கள் விமானம் இப்போது இன்ன ஊரில் நிற்கிறது, அங்கிருந்து பறந்து வர இரண்டு மணி நேரம் ஆகும்’ என்று முதலிலேயே சொன்னால் பயணி போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், வீட்டுக்குப் பேசி ஏற்பாடு செய்வார். கேட்டை விட்டு நகர முடியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு கோப்பு

கைபேசி வரைபடத்தில் பேருந்து நேரம் தெரிவது இன்று சாதாரணம். அதற்கு அடியில் இருப்பது பார்ப்பதற்கு மிக எளிமையான ஒன்று. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட்டில் ஐடி பிரிவில் இருந்தவர் பிபியானா மெக்ஹியூ. வெளியூர் போனபோது காரில் போக வழி எளிதாகக் கிடைத்தது, பேருந்தில் போக வழி கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் வரைபட நிறுவனங்களை அணுகினார். கூகுள் பதில் சொன்னது. 2005 டிசம்பரில் போர்ட்லண்டின் கால அட்டவணையோடு கூகுளின் போக்குவரத்துத் தேடல் தொடங்கியது. அதற்காக அவர்கள் வகுத்துக்கொண்ட வடிவம்தான் ஜிடிஎஃப்எஸ். நிறுத்தங்கள் ஒரு கோப்பில், வழித்தடங்கள் ஒரு கோப்பில், ஒவ்வொரு வண்டியும் எந்த நிறுத்தத்தை எப்போது தொடும் என்பது இன்னொரு கோப்பில். சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே திறந்து பார்க்கலாம்.

எளிமைதான் அதைப் பரப்பியது. தனியாக ஒரு கணினிப் பிரிவு இல்லாத சிறு நகரத்தின் அலுவலர்கூட அட்டவணையை அந்த வடிவத்தில் வெளியிட முடியும். வெளியிட்டதும் எந்தச் செயலியும் அதை எடுத்துக்கொள்ளலாம். புது ஊருக்குப் போகும் பயணி, அந்த ஊருக்கென்று தனிச் செயலியை நிறுவாமல், தான் பழகிய செயலியிலேயே, தன் மொழியிலேயே வழி பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், பயணிக்கு ஒரு நகரம் செய்யக்கூடிய பெரிய உதவி சொந்தமாக அழகான செயலி கட்டுவது இல்லை, தகவலைத் திறந்து வெளியே விடுவதுதான்.

அந்த வடிவத்துக்குள் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி 1.35க்கு வரும் பேருந்தை அதில் 25:35 என்று எழுதலாம். பேருந்துப் பணிமனையின் கணக்கில் திங்கட்கிழமை என்பது கடைசி வண்டி திரும்பும் வரை திங்கட்கிழமைதான். இரவு முழுவதும் விழித்திருக்கும் மனிதரும் அப்படித்தான் நினைக்கிறார். விடியும் வரை அவருக்கு அது ‘இன்று இரவு’.

டிக்கெட்டில் மட்டும் இதை மறந்துவிடுகிறார்கள். ‘செவ்வாய் 00:15’ என்று அச்சிட்ட டிக்கெட்டோடு செவ்வாய்க்கிழமை இரவு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். நிறுவனத்தைப் பொறுத்தவரை அது பயணியின் தவறு. ஒரே தவறைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு ஆட்கள் செய்தால் அது வடிவமைப்பின் தவறு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘திங்கட்கிழமை இரவு 9 மணிக்குள் விமான நிலையம் வந்துவிடுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்?

13.5 டிகிரி

வடிவமைப்பு என்றால் திரையில் நிறமும் எழுத்தும் தேர்ந்தெடுப்பது என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானின் சுய்கா அட்டையைக் காட்டலாம். ஜேஆர் ஈஸ்ட் ரயில் நிறுவனம் 2001 நவம்பரில் கொண்டுவந்த, வாயிலில் காட்டிவிட்டுப் போகும் கட்டண அட்டை அது. நெரிசல் நேரத்தில் ஒரு வாயிலில் நிமிடத்துக்கு 60 பேர் போக வேண்டும். வாயில் அட்டையைப் படித்து, கணக்குப் பார்த்து, திரும்ப எழுத 0.2 விநாடி வேண்டும். அந்த நேரம் முழுக்க அட்டை ஆன்டெனாவின் எல்லைக்குள் இருந்தாக வேண்டும்.

1990களின் நடுவில் சோதித்தபோது இது சரியாக வேலை செய்யவில்லை. மின்னணுப் பகுதியில் கோளாறு இல்லை, மனிதர்களுக்குத்தான் அதை எப்படிப் பிடிப்பது என்று புரியவில்லை. சிலர் அட்டையைச் செங்குத்தாகக் காட்டினார்கள். சிலர் விசிறி போல வீசிக்கொண்டே போனார்கள். சிலர் விளக்கு எரியும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஷுன்ஜி யாமனாகா என்ற வடிவமைப்பாளர் பலவிதமான மாதிரி வாயில்களைச் செய்து, மக்களை நடக்கவிட்டு, அவர்கள் கையை மட்டும் கவனித்தார். படிக்கும் பரப்பைப் பயணியின் பக்கமாக 13.5 டிகிரி சாய்த்து, அதை ஒளிரவும் வைத்தபோது பெரும்பாலோர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அட்டையைச் சரியாக வைத்தார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த அட்டை வாயிலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, அருகில் காட்டினாலே போதும். ஆனாலும் ‘தொடுங்கள்’ என்றுதான் சொன்னார்கள். தொடப் போகும் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் 0.2 விநாடி கிடைத்துவிடும்.

அந்தச் சாய்வு எனக்கு ஒரு மரியாதையாகவே படுகிறது. மக்களை மாற்றப் பார்க்காமல், எச்சரிக்கைப் பலகை வைக்காமல், இயந்திரத்தைக் குனிய வைத்தார்கள்.

லண்டனில் 2014லிருந்து சுரங்க ரயிலில் சாதாரண வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். அதில் தட்டுவதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது கட்டண உச்சவரம்பு. ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்கப்படாது. கணக்கை இரவில் கணினி போட்டுக்கொள்ளும். ஒற்றை டிக்கெட்டா, நாள் பாஸா, எது லாபம் என்று புது ஊரில் இயந்திரத்தின் முன்னால் நின்று, பின்னால் வரிசை நெளிய, மனக்கணக்குப் போட்ட அனுபவம் உள்ள எல்லோருக்கும் இதன் அருமை தெரியும். அங்கே அந்தத் திரையையே எடுத்துவிட்டார்கள்.

பெயர்க் கட்டத்தில் அடங்காத பெயர்கள்

இந்தோனேசியாவின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவுக்கு இருந்தது ஒரே பெயர். அந்த நாட்டிலும் மியான்மரிலும் கோடிக்கணக்கானவர்களுக்கு இப்போதும் குடும்பப் பெயர் கிடையாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இரண்டாவது பெயர் அப்பா அல்லது அம்மாவின் பெயரிலிருந்து வருகிறது, அது குடும்பப் பெயர் ஆகாது. ஆனால் டிக்கெட் பதிவுத் திரையில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. ஒரே பெயர் உள்ளவர் என்ன செய்வார்? சிலர் அதே பெயரை இரண்டு முறை போடுகிறார்கள், சிலர் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு கவுண்டரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தப்படுகிறார்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், பாஸ்போர்ட்டுக்கான உலகத் தரத்தில் இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம், ஒரே பெயர் உள்ளவரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 39 இடம் என்பதையும், அதற்கு மேல் நீளும் பெயரை எப்படிச் சுருக்குவது என்பதையும் அது வகுத்திருக்கிறது. விற்பனைத் திரையைக் கட்டியவர்கள் அதைப் படிக்கவில்லை.

பழைய முன்பதிவு அமைப்புகளில் இன்னொரு வினோதம் உண்டு. பெயரோடு ‘மிஸ்டர்’ என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கத்தை இடைவெளி விடாமல் ஒட்டிவிடுவார்கள். டெலிபிரிண்டர் காலத்துச் சிக்கனம் அது. அம்ர் என்பது பரவலான அரபுப் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் அது அதே இரண்டு எழுத்தில்தான் முடிகிறது. கணினி அதைப் பட்டம் என்று எண்ணி வெட்டிவிட, மிஞ்சுவது ஓர் எழுத்து. அரை நூற்றாண்டுக்கு முன் இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு, இன்று ஒரு மனிதரைத் தன் பெயருக்காகக் கவுண்டரில் வாதாட வைக்கிறது. பெயர் எழுதும் கட்டத்தை வடிவமைப்பவர் உலகத்தில் மனிதர்களுக்கு எப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள் என்று ஒரு நாள் செலவழித்துத் தெரிந்துகொண்டால் எத்தனையோ பேருக்கு நிம்மதி.

பை எங்கே?

பெட்டியில் ஒட்டும் பட்டியில் 10 இலக்க எண் இருக்கும். அதுதான் அந்தப் பெட்டியின் அடையாளம். யாருடையது, எங்கே போகிறது என்பதெல்லாம் கணினியில் அந்த எண்ணோடு கோத்திருக்கும். 2018 ஜூனிலிருந்து உலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானப்படி, உறுப்பினர் நிறுவனங்கள் பெட்டியை நான்கு இடங்களில் பதிவு செய்ய வேண்டும்: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இன்னொரு நிறுவனத்திடம் கைமாறும்போது, பயணியிடம் திரும்பக் கொடுக்கும்போது. இப்படிப்பட்ட முயற்சிகளால் நிலைமை நிஜமாகவே மேம்பட்டிருக்கிறது. விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சீட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2007ல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தவறிப்போயின. 2023ல் அது 6.9.

ஆனால் அந்தப் பதிவுகள் நீண்ட காலம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தன. 2021ல் ஆப்பிளின் ஏர்டேக், அதாவது பெட்டிக்குள் போட்டுவைத்தால் அது இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் சின்னக் கருவி, வந்ததும் ஒரு விசித்திரமான காட்சி உருவானது. ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று கவுண்டரில் சொல்கிறார்கள், பெட்டி முந்தைய ஊரின் விமான நிலையத்தில் கிடப்பதைப் பயணி தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2024 இறுதியில் அந்த இருப்பிடத்தை விமான நிறுவனத்தோடு பகிரும் வசதி வந்தது. நிறுவனத்திடம் இருந்து பயணிக்கு வர வேண்டிய தகவல், பயணியிடமிருந்து நிறுவனத்துக்குப் போகத் தொடங்கியது.

பெட்டி ஏறவில்லை என்பது, இணைப்பு விமானம் கிளம்பிய நிமிடத்திலேயே கணினிக்குத் தெரியும். பயணியோ இறங்கி, நடந்து, கருப்புப் பட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, கடைசிப் பெட்டியும் போன பிறகு வெறும் பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இறங்கியதும், ‘உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வருகிறது. இங்கே காத்திருக்க வேண்டாம், முகவரியை மட்டும் இங்கே உறுதி செய்யுங்கள்’ என்று ஒரு செய்தி வந்தால் அந்த முக்கால் மணி நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். சில நிறுவனங்கள் இப்போது இப்படிச் செய்கின்றன. எல்லோரும் செய்யலாம்.

கையும் கண்ணும் காலியாக இல்லாதபோது

ரயில் நடைமேடைகளில் காலுக்கடியில் தட்டுப்படும் மஞ்சள் மேட்டுக் கற்களை 1965ல் உருவாக்கியவர் ஜப்பானின் செய்ச்சி மியாகே. பார்வை குறைந்துகொண்டே வந்த நண்பருக்காகச் செய்தது. 1967ல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலையில் முதலில் பதித்தார்கள். அதற்கு சார்ஜ் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், புதிய பதிப்பு வேண்டாம்.

கைபேசியால் செய்யக்கூடியது அதற்கு மேல் இருக்கிறது. சுரங்க நிலையங்களில் ஜிபிஎஸ் எட்டாது. 2015ல் லண்டனின் பிம்லிகோ நிலையத்தில் ‘வேஃபைண்டர்’ என்ற திட்டம் சிறிய புளூடூத் கருவிகளைப் பொருத்தி, பார்வையற்ற பயணிகளுக்குக் காதில் வழி சொல்லிப் பார்த்தது. இதில் கவனிக்க வேண்டியது, காதை முழுக்க அடைக்காத கருவியைத்தான் அவர்கள் விரும்பினார்கள். பார்வையற்றவருக்குச் சுற்றியுள்ள சத்தம்தான் வழிகாட்டி. அதை மூடிவிட்டு வழி சொன்னால் உதவி உபத்திரவமாகிவிடும். இது மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கிடைக்கும் அறிவு இல்லை. கூட நடந்தால்தான் தெரியும்.

இவர்களுக்காகச் செய்வது எல்லோருக்கும் உதவுகிறது. தோளில் குழந்தையோடு நின்ற அந்த இரவில் எனக்கும் ஒரு கைதான் இருந்தது. பெரிய பொத்தான், தானாகப் பிரகாசம் கூடும் போர்டிங் பாஸ், நெட்வொர்க் இல்லாமலும் திறக்கும் டிக்கெட், வழியைக் குரலில் கேட்கும் வசதி எல்லாமே எனக்கும் வேண்டியிருந்தன.

பதற்றத்தை உண்டாக்கும் வடிவமைப்பும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ‘இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் மிச்சம்’ என்று சிவப்பு எழுத்து மினுக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐரோப்பிய ஆணையம் தலையிட்ட பிறகு, புக்கிங்.காம் தன் தளத்தில் விலையையும் சலுகையையும் காட்டும் முறையைத் திருத்திக்கொள்வதாக 2019 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதே விலை பிறகும் கிடைக்கும் என்றால், அதைக் காலக்கெடு உள்ள சலுகையாகக் காட்டக் கூடாது. அமெரிக்காவில் 2024ல் வந்த விதி இன்னொரு திசையில் போனது: உள்நாட்டு விமானம் 3 மணி நேரத்துக்கும் வெளிநாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போய், பயணி மாற்று ஏற்பாட்டை ஏற்காவிட்டால், அவர் கேட்காமலே பணம் திரும்ப வர வேண்டும். பணம் திரும்பப் பெறும் படிவத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசிக்கும் வேலை இதனால் போய்விட்டது.

முகத்தைக் காட்டி உள்ளே போகும் முறை வேகமாகப் பரவுகிறது. வரிசை குறைகிறது, உண்மை. ஆனால் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019ல் 189 மென்பொருள்களைச் சோதித்தபோது, பலவற்றில் ஒருவரை இன்னொருவர் என்று எடுத்துக்கொள்ளும் பிழை ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. மென்பொருள்கள் அதற்குப் பிறகு தேறியிருக்கின்றன. இருந்தாலும் ‘என் முகம் வேண்டாம், தாளைப் பாருங்கள்’ என்று சொல்பவருக்குப் பக்கத்திலேயே ஒரு வழி, அதே மரியாதையோடு, இருந்தாக வேண்டும்.

எல்லாம் நின்றுபோனால்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு கோளாறான புதுப்பிப்பு, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. செக்-இன் திரைகள் நீலமாகின. பல விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்துப் போர்டிங் பாஸை எழுதிக் கொடுத்தார்கள். பெயர், விமான எண், இருக்கை, கேட், நேரம். விமானங்கள் கிளம்பின.

இப்படிக் கையால் வேலை நடக்க இரண்டு விஷயம் வேண்டும். பயணியின் பெயர்ப் பட்டியலை எங்காவது தாளில் எடுத்துவைத்திருக்க வேண்டும், கையால் செய்வது எப்படி என்று தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வடிவமைப்பு வரைபடத்தில் இவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். கவுண்டரை எடுத்துவிட்டுச் செயலியை வைக்கும் நிறுவனங்கள், செயலி கைவிடும்போது பயணி யாரிடம் போவார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும், பயணி பார்ப்பதைவிட அதிகமாகக் காட்டும் திரையும் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இரண்டுமே அவரிடம் இல்லை. பாவம், நம்முடைய கோபத்தை மட்டும் அவர் வாங்கிக்கொள்கிறார்.

அந்த இரவில், சிம்மைத் தேடிப் பையைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அணைந்துபோனது. வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஊழியர் நின்றார். என் பெயரைக் கேட்டார், தன் கையிலிருந்த கருவியில் பார்த்தார், பழைய போர்டிங் பாஸைத் திருப்பி அதன் முதுகில் எழுதிக் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். நான்கு வரிகள். முதல் வரியில் விமான எண். இரண்டாவதில் ‘காலை 6.40, கேட் 22’. மூன்றாவதில் ‘பெட்டி ஏற்றியாச்சு’. கடைசி வரியில் ஓர் அம்புக்குறி போட்டு, ‘இப்போது மாடிக்குப் போங்கள், படுக்க சோபா இருக்கிறது’.